மறைத்து வைத்ததற்குக் கொடுத்த 2,35,000 ரூபாய்: ஒரு லெஃப்ட் பேக்கின் அனுபவம்

சென்ற மாதம் பெங்களூரு மர்ஃபி டவுனைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன், பயிற்சி முடிந்து எல்லோரும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணா, சொல்லிட்டா ப்ரோ டீம்ல எடுப்பாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டான். எதைச் சொல்வது என்று அவனும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 2024 ஜூன் முதல் 2025 பிப்ரவரி வரை நான் தனியாகப் பட்ட பாட்டை முழுதாகச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பெங்களூரு அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில், பெலேயின் சிலை நிற்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவன். எங்கள் பகுதியில் ஒரு குழந்தை நடக்கப் பழகியதும் அதன் காலடியில் யாராவது ஒரு பந்தை உருட்டிவிடுவார்கள். எனக்கு இப்போது 25 வயது ஆகிறது. பெங்களூரு சூப்பர் டிவிஷன் லீக்கில் நான்கு சீசன்கள் லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரனாக, ஆடியிருக்கிறேன். நான் ஆண்களை நேசிக்கும் ஆண், தன்பாலீர்ப்பாளன். சிறுவனாக இருந்தபோது நான் முன்கள ஆட்டக்காரன். 14 வயதுக்குட்பட்டோர் அணியில் எனக்கு 9ஆம் எண் ஜெர்சியை நீட்டினார்கள். தமிழ் பேசும் தெருவில் அந்த எண் என்ன வசையாகப் புழங்குகிறது என்று தெரிந்தவர்களுக்கு நான் ஏன் கையை நீட்டவில்லை என்பது புரியும். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் சிரிப்பதற்குள் 3ஆம் எண்ணை எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணுக்கு உரிய லெஃப்ட் பேக் இடத்திலேயே பயிற்சியாளர் என்னை ஆடவைத்தார். இடது ஓரத்தில் ஏறி ஓடுவது எனக்கு நன்றாக வந்தது, அதில் வருத்தம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தைக்குப் பயந்து ஆடும் இடத்தையே மாற்றிக்கொண்ட அந்தப் பழக்கம்தான் பத்து ஆண்டுகள் கழித்து என் பணத்தையும் கரைத்தது.

2024 ஜூனில், அசோக் நகர் ஸ்டேடியத்தில் ஒரு ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பேச்சுக் கொடுத்தார். வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு தொழில்முறை அணியில் தனக்கு நெருக்கம் உண்டு என்றும், அங்கே ட்ரையல் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு) ஏற்பாடு செய்ய 1,50,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். நான் தயங்கினேன். காரில் என்னை வீட்டருகே இறக்கிவிடும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "உன்னப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி. கவலப்படாத, அது வெளிய வராம நான் பாத்துக்கறேன்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. என் கை சில்லிட்டது மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பு வரை மறுக்கத் தயாராக இருந்த நான், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பேரம்கூடப் பேசவில்லை. முதல் 75,000 என் சேமிப்பு. மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவன் அதைச் சேர்க்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த 75,000, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வந்தது. இரண்டும் போன் வழியாக, அவர் பெயரில் அல்லாமல் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்த கணக்குக்குப் போயின. ரசீது இல்லை, எழுத்தில் ஒரு வரி இல்லை.

ரயிலேறி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். மைதானத்தின் வாசலில் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். அது எல்லோருக்கும் திறந்த ட்ரையல், கட்டணம் எதுவும் இல்லை. ஆதார் அட்டை நகலும் பிறந்த தேதிச் சான்றும் கொண்டுவந்தால் போதும் என்று அந்த அணியே அறிவித்திருந்ததாம். எனக்கு முன்னால் நின்ற மணிப்பூர்ப் பையன் அந்த அறிவிப்பைத் தன் போனில் காட்டினான். முதுகில் பேனாவால் எண் எழுதிய பிப்பை (ஜெர்சிமேல் அணியும் கையில்லாச் சட்டை) கொடுத்து, இருபது நிமிடம் ஆடவிட்டு அனுப்பிவிட்டார்கள். போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 25,000 போனது. திரும்பும் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, யாரிடம் சொல்லி அழுவது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் தோன்றவில்லை.

இங்கே நிறுத்தி, அப்போது எனக்குத் தெரியாமல் போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். கால்பந்தில் ஏஜென்டாக இயங்க ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் வாங்கியிருக்க வேண்டும், உரிமம் பெற்றவர்களின் பெயர்களை ஃபிஃபாவின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆட்டக்காரருக்கும் ஏஜென்டுக்கும் இடையே எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதன் காலம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஏஜென்டின் வருமானம் நமக்குக் கிடைக்கும் சம்பளத்தில் இருந்து வர வேண்டியது. ஆடுவதற்கு முன்பே, ட்ரையலுக்கு என்று பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அதுவே போதிய எச்சரிக்கை. இவையெல்லாம் எந்த இளம் ஆட்டக்காரருக்கும் பொருந்துபவை. என்னைப் போன்றவர்களுக்காகத் தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் அந்தரங்கம் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உதவ வந்தால், அந்த உதவிக்கு விலை உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் இரண்டாவது அடி விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் என்னைப் போன்றவர்களின் உரிமைக்காக இங்கே நடந்த பிரைட் ஊர்வலத்துக்கு நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு போயிருந்தேன், தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் கழற்றினேன். அந்த நிமிடத்தின் படம் அறியாத எண்ணில் இருந்து என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. க்ளப்புக்கும் அம்மாவுக்கும் அனுப்பாமல் இருக்க 40,000 ரூபாய் என்றார்கள். நண்பனிடம் கடன் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் இன்னொரு 20,000. அதையும் கொடுத்தேன். செப்டம்பரில் ஒரு லட்சம் என்றார்கள். அன்றிரவு அல்சூர் ஏரிக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனம் எந்தத் திசையில் போனது என்பதை எழுத வெட்கப்படவில்லை. படிக்கும் யாருக்காவது அதே திசையில் மனம் போகிறது என்றால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. நான் அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "இப்ப எங்க இருக்கீங்க, சாப்டீங்களா?" என்று கேட்டார். பிறகு, "உங்க டீம்ல நீங்க நம்புற ஒரு ஆள் பேர் சொல்லுங்க" என்றார். கோல்கீப்பரான எங்கள் கேப்டன் அண்ணன் பெயரைச் சொன்னேன்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் கையுறையின் வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டிக்கொண்டே இருந்தார். "இதுக்குப் போயி அறுபதாயிரம் குடுத்தியாடா?" என்பதுதான் அவர் வாயில் இருந்து வந்த முதல் வார்த்தை. அந்தக் கோபம் என்மேல் வைத்த அன்பு என்று எனக்கு உடனே புரிந்தது. அவரும், இந்நகரில் 1994இல் தொடங்கிய, எங்களைப் போன்றவர்களுக்கான 'குட் ஆஸ் யூ' என்ற ஆதரவுக் குழுவில் ஒருவர் வழியாக அறிமுகமான வழக்கறிஞரும் என்னுடன் காவல் நிலையத்துக்கு வந்தார்கள். நான் அஞ்சியபடி யாரும் கேலி செய்யவில்லை, ஒரு ஏட்டு மட்டும் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் தீர்ப்பளித்த பிறகு, வயதுவந்த இருவர் விரும்பி ஏற்கும் தன்பாலின உறவு குற்றம் ஆகாது. மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம், அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு அதற்கானது. இதை வழக்கறிஞர் அமைதியாகச் சொன்னதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தொனியே மாறியது. அந்த எண் அன்றோடு அணைந்துவிட்டது. கொடுத்த பணம் வரவில்லை. நான் செய்த பெரிய தவறு முதல் மிரட்டலின்போது பயத்தில் செய்திகளை அழித்தது, இரண்டாவது தவறு பணம் கொடுத்தது. ஒரு முறை கொடுத்தவரைத்தான் மறுமுறையும் கேட்பார்கள். எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எண்ணையும் பணம் போன கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

படம் எப்படியும் வெளியே வரக்கூடும் என்ற நிலையில், அணிக்கு நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பயிற்சியாளரிடம் முதலில் சொன்னேன். "ஆட்டத்துல கவனம் சிதறாம இருந்தா எனக்குப் போதும்" என்றார். அன்று மாலையே பசங்களிடமும் சொன்னேன். யாரும் திட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை. பயிற்சிக்குப் பிறகு நாங்கள் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் படுக்க மற்றவர் காலைத் தூக்கி அழுத்தி, தொடைத் தசையைத் தளர்த்திவிடுவோம். மூன்று ஆண்டுகளாக என் காலைத் தூக்கிய ரைட் விங்கர் மறுநாள் வேறொருவனுடன் போய்விட்டான். நான் கோல் கம்பத்தில் குதிகாலைச் சாய்த்து நானே செய்துகொண்டேன். எட்டு நாட்கள் அப்படிப் போயின. ஒவ்வொரு நாளும் கம்பத்தின் வெள்ளைப் பெயின்ட் காலுறையில் ஒட்டும், வீட்டில் அம்மா அதைத் தேய்த்துத் துவைப்பார். ஒன்பதாம் நாள் கேப்டன் அண்ணன் தன் ஜோடியை விட்டுவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் வலது காலைத் தூக்கித் தன் தோளில் வைத்து அழுத்தினார். அதற்கு அடுத்த வாரம் ரைட் விங்கரும் வந்தான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு அணி மாறுவதற்கு முதலில் ஒருவர் நகர வேண்டும், அவர் மூத்தவராக இருப்பது நல்லது. ஆகவே யாரிடம் முதலில் சொல்வது என்று யோசிக்கும்போது, நமக்கு மிக நெருங்கிய நண்பனைவிட, மற்றவர்கள் யார் முகத்தைப் பார்த்து நடந்துகொள்கிறார்களோ அவரைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மாவிடம் சொன்னது அக்டோபரில். அதைப் பற்றி அதிகம் எழுத அவர் அனுமதி இல்லை. சென்னையில் இருந்து இயங்கும் ஓரினம் என்ற குழு தமிழில் தொகுத்து வைத்திருந்த விளக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். என் வாயில் வராத வார்த்தைகள் அதில் மரியாதையான தமிழில் இருந்தன. படித்து முடித்து, "டாக்டர்கிட்ட போனா சரியாகாதா?" என்றுதான் கேட்டார். இது நோய் இல்லை என்பதையும், மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை அளிப்பதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததையும் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்ததையும் சொன்னேன். நல்ல வேளையாக அந்த வழியில் பணம் போகவில்லை.

2025 ஜனவரியில், க்ளப்புகள் புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பதிவுக் காலத்தில், ஒரு தொழில்முறை அணி என் ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, தங்கள் செலவிலேயே பத்து நாள் ட்ரையலுக்கு அழைத்தது. யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. யோ-யோ ஓட்டச் சோதனையில் முதல் ஐந்து பேருக்குள் வந்தேன், இரண்டு பயிற்சி ஆட்டங்களில் ஒரு கோலுக்குக் க்ராஸ் கொடுத்தேன். எட்டாம் நாள், மேலாளர்களில் ஒருவர் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகக் கேட்பதுபோல, "அவே மேட்ச்ல ரெண்டு பேருக்கு ஒரு ரூம்தான். உனக்கு அது ஒத்து வருமா?" என்றார். செய்தி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "நாலு வருஷமா அப்படித்தான் சார் தங்குறேன்" என்றேன். அவர் தலையாட்டினார். பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் என் பெயர் இல்லை. லெஃப்ட் பேக் தேவைப்படவில்லை என்றார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்கள் ஒரு லெஃப்ட் பேக்கைப் பதிவு செய்தார்கள். அவன் என்னைவிட நன்றாக ஆடுபவனாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. இந்த ஓரவஞ்சனையின் கொடுமையே அதுதான். யாரும் காரணத்தைச் சொல்லி நிராகரிப்பதில்லை, ஆகவே நாம் நம் ஆட்டத்தையும் சந்தேகிக்கத் தொடங்குகிறோம். ஒரு மாதம் நான் பந்தைத் தொடவில்லை.

அந்த மாதத்தில்தான் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஆடும் கால்பந்தில், மிசௌரி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சாம் 2014 பிப்ரவரியில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். தம் மண்டலத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அந்தச் சீசனில் பகிர்ந்துகொண்டவர் அவர். அந்நாட்டின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் மே மாதத் தேர்வில் 256 பேரில் 249ஆவது ஆளாகத்தான் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அவரை எடுத்தது, ஆகஸ்ட் முடிவில் விடுவித்தது. டல்லாஸ் கவ்பாய்ஸின் பயிற்சிக் குழுவிலும் அக்டோபர் வரைதான் இருந்தார். என்எஃப்எல் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அதே லீக்கில் ஐந்து சீசன்கள் ஆடி, கையில் ஒப்பந்தம் இருக்கும்போது 2021 ஜூனில் சொன்ன கார்ல் நாசிப், அந்தச் செப்டம்பரிலேயே லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்காகக் களத்தில் இருந்தார். நம் ஆட்டத்தில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் யுனைடெட்டில் ஆடிக்கொண்டிருந்த ஜோஷ் கவாலோ 2021 அக்டோபரில் சொன்னார். இங்கிலாந்தின் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், 2022இல் தொழில்முறை ஒப்பந்தம் போட்ட சில மாதங்களில், 17 வயதிலேயே சொன்னார். இந்தியாவில் தொழில்முறைக் கால்பந்து ஆடிக்கொண்டே இதைச் சொன்ன ஆண் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. ஒப்பந்தத்துக்கு முன் சொன்னவருக்கும் பின் சொன்னவர்களுக்கும் நடந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் கருத்து தெளிந்தது.

ஆகவே அந்தப் பையனுக்கு என் பதில் இது. வெளிப்படையாகச் சொன்னவருக்கு வாய்ப்பு குறைகிறது, பூஜ்யம் ஆவதில்லை. க்ளப்பின் அலுவலகத்துக்கும் ஊடகத்துக்கும் சொல்வதை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிப் பதிவு முடியும்வரை தள்ளிவைப்பதில் எந்தக் கோழைத்தனமும் இல்லை. ஆனால் அதுவரை இந்த ரகசியத்தை ஒரே ஒரு ஆள் கையில், அதுவும் பணம் சம்பந்தப்பட்ட ஆள் கையில், விட்டுவைக்காதே. வீட்டில் ஒருவர், அணியில் ஒருவர், இரண்டுக்கும் வெளியே ஒருவர் என மூன்று பேருக்குத் தெரிந்திருந்தால் உன்னை மிரட்ட வருபவனுக்கு விற்க ஒன்றும் இருக்காது. நான் இழந்த 2,35,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட நான் சொன்னதால் போகவில்லை, முழுவதும் மறைத்து வைத்திருந்த மாதங்களில் போனது.

சட்டத்தைப் பற்றியும் வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ஃபிஃபா விதிகளின் 4ஆவது பிரிவு பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஆனால் தனியார் முதலாளி ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வேலை மறுப்பதைத் தடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, 2019இன் சட்டம் திருநர்களுக்கானது. அதனால் ஆதாரம் சேர்ப்பது நம் பொறுப்பாகிறது. ஓட்டச் சோதனை முடிவுகள், ஆடிய நிமிடங்கள், முழு ஆட்ட வீடியோக்கள் எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருங்கள். ட்ரையல் முடிந்ததும் எதில் குறை என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் வராவிட்டாலும் கேட்டதற்குப் பதிவு இருக்கும். ஒப்பந்தம் கைக்கு வந்தால், மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும் என்ற நிபந்தனை அதில் இருக்கக் கூடாது என்பதையும், இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து விலக ஃபிஃபா விதியில் இடம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். க்ளப் தரும் தடையில்லாச் சான்றை விலகும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். நான் அதற்காக ஆறு வாரம் அலைந்ததில் ஒரு பதிவுக் காலமே போனது.

இந்த சீசனுக்குப் பழைய அணியிலேயே பதிவு செய்திருக்கிறேன், கூடவே விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு அரசுத் துறை நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு ஏரியைச் சுற்றி ஓடுகிறேன். மர்ஃபி டவுன் பையனும் சில நாட்களாகக் கூட வருகிறான், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நண்பனின் கடன் தீர்ந்துவிட்டது. அம்மாவின் சங்கிலிக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது.